வெட்டு விழுந்தால் யார் எடுப்பது

எங்கள் ஆஸ்பத்திரிச் சலவைக் கூடத்தில் எல்லோருக்கும் அவள் அக்கா. அவளைவிட ஆறு வயது மூத்த மேற்பார்வையாளருக்கும் அக்காதான். நான் அங்கே வேலைக்குச் சேர்ந்து ஒன்பது வருடம் ஆகிறது. அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அவளுக்கு ஐம்பத்து மூன்று வயது, எனக்கு முப்பத்து நாலு. மாடியில் படுத்திருக்கும் நோயாளிகளுக்கு எங்கள் இரண்டு பேரையும் தெரியாது. அவர்கள் கீழே விரித்திருப்பதும் மேலே போர்த்தியிருப்பதும் எங்கள் கைக்கு வந்து போனவைதான்.

விரிப்பு மடிப்பது இரண்டு ஆள் வேலை. துவைத்து உலர்த்திய விரிப்புகள் சூடு ஆறாமல் தள்ளுவண்டியில் வந்து நிற்கும். அக்கா ஒன்றை எடுத்து உதறி, இரண்டு முனைகளை என் பக்கம் வீசுவாள். நான் பிடித்து இழுப்பேன். பாதியாக மடித்து, திரும்பப் பாதியாக மடித்து, ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வந்து, அவள் கையிலிருப்பதை நான் வாங்கி மேஜையில் அடுக்குவேன். ஒரு நாளைக்கு நானூறு, சில நாள் நானூற்று ஐம்பது. எங்கள் பேச்சும் விரிப்பின் நீளத்துக்குத்தான் போகும். நாலு வார்த்தை பேசுவதற்குள் முனை கைக்கு வந்துவிடும். மிச்சத்தை அடுத்த விரிப்பில் பேச வேண்டும். ஒன்பது வருடம் இப்படி எதிரெதிரே நின்றதில் என் வீட்டுக்காரர் முகத்தைவிட அவள் முகம்தான் எனக்குப் பழக்கம்.

அது எப்போதும் தூங்கி வழிகிற முகம். பஸ்ஸில் கம்பியைப் பிடித்தபடி நின்றுகொண்டே தூங்குவாள். டீ ஆறுகிற நேரத்துக்குள் ஒரு தூக்கம் போட்டுவிடுவாள். ஒருமுறை மேற்பார்வையாளர் எங்களை வரிசையாக நிற்கவைத்து அரைமணி நேரம் பாதுகாப்பைப் பற்றிப் பேசினார். அக்கா கண்ணைத் திறந்துகொண்டே தூங்கினாள். பேசி முடித்துவிட்டு அவர், "அக்கா மாதிரி கவனமா கேக்கணும்" என்று எங்களுக்கெல்லாம் புத்தி சொன்னார்.

ஒரு திங்கட்கிழமை காலையில், முதல் வண்டியின் நாலாவது விரிப்போ ஐந்தாவதோ, அக்கா கேட்டாள்.

"ஏன்டி, உனக்குச் சீட்டு ஆடத் தெரியுமா?"

"எந்த ஆட்டம்?"

"கழுதை."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கழுதை ஆடத் தெரியாதவங்க யாருக்கா இருக்காங்க? சின்னப் புள்ளைங்க ஆடுற ஆட்டம்."

"எனக்குத் தெரியல. பதினஞ்சு வருஷமா ஞாயித்துக்கிழமை தவறாம ஆடுறேன், ஒரு தடவைகூடத் தப்பிச்சதில்ல. ரூலே பிடிபட மாட்டேங்குது. நம்ம மண்டை அவ்வளவுதான்னு விட்டுட்டேன்." விரிப்பை என்னிடம் கொடுத்துவிட்டு, அடுத்ததை எடுத்து உதறிய பிறகுதான் மிச்சத்தைச் சொன்னாள். "இந்த வாரம் மட்டும் தோத்துடக் கூடாதுடி. நீ சொல்லிக் குடு."

அன்று எழுபது எண்பது விரிப்பில் முழுக்கதையும் வந்தது. அக்கா வீட்டில் ஐந்து பேர். வீட்டுக்காரர் தையல் மிஷின் பழுது பார்ப்பவர். பெரியவள் மருந்துக் கடையில் வேலை பார்க்கிறாள். நடுவுலவன் வீடு வீடாகப் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கிறான். சின்னவள் கல்லூரியில் இரண்டாம் வருடம். அந்த வீட்டில் யாரும் யாரையும் பார்த்து 'நீ இதைச் செய்' என்று சொல்ல மாட்டார்களாம். செய்ய ஒருவருக்கும் மனசில்லாத வேலை எதுவானாலும், ஞாயிறு மத்தியானம் சீட்டைக் கலைத்துப் போட்டு முடிவு செய்வார்கள். கடைசியில் கழுதை ஆகிறவர் அதைச் செய்ய வேண்டும். வாரம் முழுக்கப் பாத்திரம் தேய்ப்பது, குளியலறை கழுவுவது, தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கிச் சுத்தம் செய்வது, எல்லாம் இப்படித்தான். "எங்க வீட்ல ஜனநாயகம்" என்று வீட்டுக்காரர் வருகிறவர்களிடம் எல்லாம் பெருமையடிப்பாராம். பதினைந்து வருடமாக அந்தத் தேர்தலில் ஒருத்தியே ஜெயித்து வருகிறாள் என்பது அவருக்கு உறைக்கவே இல்லை.

இந்த வாரம் விஷயம் பாத்திரம் இல்லை. வீட்டுக்காரருக்குக் கண்ணில் புரை. அடுத்த செவ்வாய்க்கிழமை ஆபரேஷன். காலையில் போய் மத்தியானம் வீட்டுக்கு வந்துவிடலாம். ஆனால் அதற்குப் பிறகு பத்து நாள், நாளைக்கு ஆறு வேளை சொட்டு மருந்து விட வேண்டும். அவர் குனியக் கூடாது, கண்ணில் தண்ணீர் படக் கூடாது, யாராவது ஒருவர் வேலைக்கு லீவு போட்டுவிட்டுக் கூடவே இருக்க வேண்டும். அக்காவோ, அதற்கு மறுநாள் புதன்கிழமையிலிருந்து பத்து நாள் விடுப்பு வாங்கி வைத்திருந்தாள். மூன்று முறை கேட்டு மூன்று முறையும் இல்லையென்று சொல்லி, நாலாவது முறை கிடைத்த விடுப்பு. ஆறு வருடமாகப் பார்க்காத தங்கை வீட்டுக்குப் போவதற்காக.

"அங்க போயி என்னக்கா பண்ணுவீங்க?"

"தூங்குவேன்" என்றாள் அக்கா. "அவ சமைப்பா. நான் சாப்பிட்டுட்டுத் தூங்குவேன். எழுந்தா பேசிக்கிட்டிருப்போம். அப்புறம் திரும்பவும் தூங்குவேன்."

"வீட்ல சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன். போயிட்டு வாம்மான்னுதான் எல்லாரும் சொன்னாங்க. அப்புறம் ஆபரேஷன் தேதி வந்துச்சு. யாரும் என்னைப் போகாதேன்னு சொல்லல. சீட்டுல பாத்துக்கலாம்னாங்க." அக்கா உதறிய விரிப்பு படபடவென்று அடித்தது. "சீட்டுன்னா யாருன்னு எல்லாருக்கும் தெரியுமே."

கண் மருந்து விற்கிற பெரியவளே அந்த வீட்டில் இருக்கிறாள். கடையில் ஒரு நாளைக்கு இருபது பேருக்கு அதை எப்படி விடுவது என்று பாடம் நடத்துகிறாள். சொந்த அப்பனுக்கு விட மட்டும் சீட்டாட வேண்டுமாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாளைக்கே கற்றுத் தருகிறேன் என்று சொன்னேன்.

கழுதை ஆட்டத்தில் கற்றுக்கொள்ள ஒன்றும் பெரிதாக இல்லை. கட்டு முழுவதையும் பங்கு போட வேண்டும். இஸ்பேடு ஏஸ் வைத்திருப்பவர் அதை இறக்கித் தொடங்குவார். ஒருவர் எந்த இனத்தைப் போடுகிறாரோ மற்றவர்களும் அதையே போட வேண்டும். எல்லோரும் போட்டுவிட்டால் அந்தச் சீட்டுகள் ஆட்டத்தை விட்டுப் போய்விடும். பெரிய சீட்டுப் போட்டவர் அடுத்ததை இறக்குவார். ஒருவர் கையில் அந்த இனம் இல்லையென்றால், வேறு எதையாவது போட்டு வெட்டுவார். வெட்டு விழுந்தால், அதுவரை பெரிய சீட்டுப் போட்டிருந்தவர் கீழே கிடக்கும் அத்தனையையும் அள்ளிக் கையில் சேர்த்துக்கொள்ள வேண்டும். கை காலியானவர் தப்பித்தார். எல்லோரும் தப்பித்த பிறகு கையில் சீட்டோடு உட்கார்ந்திருப்பவர் கழுதை. இதற்குப் பதினைந்து வருடம் போதவில்லை என்றால் மண்டையில் கோளாறு இல்லை, வேறு எங்கேயோ இருக்கிறது என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

மறுநாள் சாப்பாட்டு இடைவேளையில், மடித்த போர்வைகளை ஒதுக்கிவிட்டு மேஜையில் ஆட்டம் போட்டோம். நான், அக்கா, கிழிசல் தைக்கிற ஊசியம்மா, இஸ்திரி அண்ணன். முதல் மூன்று சுற்றும் ஒழுங்காகப் போயின. அக்கா சரியாகத்தான் ஆடினாள். சொல்லப்போனால் எங்களைவிட நன்றாக ஆடினாள். எந்த இனத்தில் எத்தனை போய்விட்டது என்று அவளுக்கு அத்துப்படியாக இருந்தது. நாலாவது சுற்றில் நான் கிளாவர் ராஜாவை இறக்கினேன். அக்கா ஐந்து, ஊசியம்மா ஒன்பது. இஸ்திரி அண்ணன் கையில் கிளாவரே இல்லை.

"வெட்டு!" என்று ஹார்ட்டின் ராணியை ஓங்கிப் போட்டார். அந்த மனிதருக்கு வாழ்க்கையில் வேறு சந்தோஷம் கிடையாது.

நான் உச்சுக்கொட்டிவிட்டுக் கையை நீட்டினேன். என் கை போய்ச் சேர்வதற்குள் அக்கா நாலு சீட்டையும் வாரித் தன் கையில் செருகிக்கொண்டுவிட்டாள்.

"அக்கா, அது எனக்கு விழுந்த வெட்டு."

"தெரியும்டி."

"அப்புறம் நீங்க ஏன் எடுக்குறீங்க?"

அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "சின்னவங்களுக்கு வெட்டு விழுந்தா பெரியவங்கதானே எடுக்கணும்?"

ஊசியம்மா சாப்பிட்டுக்கொண்டிருந்த வாயை அப்படியே நிறுத்தினாள். "இது எந்த ஊரு ரூலும்மா?" என்றார் இஸ்திரி அண்ணன்.

நான் மெல்ல மெல்லக் கேட்டேன். உங்கள் வீட்டில் பெரியவளுக்கு வெட்டு விழுந்தால் யார் எடுப்பது? அம்மாதான். பையனுக்கு விழுந்தால்? அம்மாதான். சின்னவளுக்கு? அதற்கும் அம்மாதான். வீட்டுக்காரருக்கு விழுந்தால் அவரே எடுத்துக்கொள்வார். அக்காவுக்கு விழுந்தால் அதையும் அக்காதான் எடுக்க வேண்டும்.

"அஞ்சு பேர் ஆடுற ஆட்டத்துல நாலு பேருக்கு விழுற வெட்டை நீங்க ஒருத்தியே எடுக்குறீங்க" என்றேன். "இப்படி ஆடினா யாராலக்கா தப்பிக்க முடியும்? அப்படி ஒரு ரூலே கிடையாது."

அக்கா கையில் செருகிய நாலு சீட்டையும் ஒவ்வொன்றாக உருவி என் முன்னால் வைத்தாள். அப்புறம் ஆட்டம் தொடரவில்லை. மத்தியானம் நூறு விரிப்பு மடித்தோம்.

"பசங்களுக்குத் தெரிஞ்சிருக்குமாடி?" என்றாள் பிறகு.

"தெரியாமலா இருக்கும்? ஃப்ரெண்டுங்க வீட்லல்லாம் ஆடியிருக்க மாட்டாங்களா? எல்லாம் தெரிஞ்சேதான் உங்க தலையில மொளகா அரைச்சிருக்காங்க."

எனக்கு இந்த வாய் ஒன்று. அக்காவின் கண்ணில் தண்ணீர் வந்தது. ஒன்பது வருடத்தில் அவள் அழுது நான் பார்த்ததில்லை. கொட்டாவி விட்டு வருகிற கண்ணீரைத்தான் பார்த்திருக்கிறேன். எனக்குப் பாவமாக இருந்தது. கூடவே, கோபப்பட ஆள் கிடைத்ததில் உள்ளுக்குள் ஒரு தெம்பும் வந்தது என்பதை மறைப்பானேன்.

"ஞாயித்துக்கிழமை நீயும் வீட்டுக்கு வா" என்றாள் அக்கா. "நான் சொன்னா சிரிப்பாங்க."

போனேன். இரண்டாவது மாடியில் இரண்டு அறை. முன்னறையில் சுவரோரமாகக் கழற்றிய தையல் மிஷின் தலைகள் வரிசையாக இருந்தன. மிஷின் எண்ணெய் வாசனை. நடுவில் பாயை விரித்து ஐந்து பேரும் வட்டமாக உட்கார்ந்தார்கள். நான் அக்காவுக்குப் பின்னால், நாற்காலியில். வீட்டுக்காரர் கலகலப்பான மனிதர். "வாம்மா, நடுவர் இல்லாம ஆடிக்கிட்டிருந்தோம்" என்று சிரித்தார். சண்டைக்கென்று கிளம்பி வந்தவளுக்கு அந்தச் சிரிப்பு எரிச்சலாக இருந்தது.

"அப்போ, இன்னிக்குக் கழுதை ஆகுறவங்க பத்து நாள் லீவு போட்டு அப்பாகூட இருக்கணும். அழக் கூடாது, கோவிச்சுக்கக் கூடாது" என்றாள் பெரியவள். எல்லோரும் சரி என்றார்கள். அக்காவும் சரி என்றாள்.

மூன்றாவது சுற்றில் நடுவுலவன் டைமண்ட் ராணியைப் போட்டான். சின்னவள் வெட்டினாள். அவன் கண் இடது கையிலிருந்த போனில் இருந்தது. நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, கீழே கிடந்த சீட்டுகளைப் புறங்கையால் அக்கா பக்கம் தள்ளிவிட்டான். சாப்பிட்டு முடித்த தட்டை நகர்த்துவது போல அவ்வளவு சாதாரணமாகத் தள்ளினான்.

அக்கா திரும்பி என்னைப் பார்த்தாள்.

"ஒரு நிமிஷம் தம்பி" என்றேன். "உனக்கு விழுந்த வெட்டை நீ எடுக்காம அம்மாகிட்ட ஏன் தள்ளுற?"

"அம்மாதான் எடுப்பாங்க" என்றான்.

"ஏன்?"

"ஏன்னா? அதான் ரூல்."

"எந்த வீட்டு ரூல்?"

அவன் பெரியவளைப் பார்த்தான், பெரியவள் சின்னவளைப் பார்த்தாள். நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வைத்திருந்த பேச்சு. பதினைந்து வருடம், ஒரு மனுஷி, நானூறு விரிப்பு, ஆறு வருடமாகப் பார்க்காத தங்கை என்று ஒன்றையும் விடவில்லை. நடுவில் பெரியவள் போனில் ஆட்டத்தின் விதிகளைத் தேடி எடுத்து, உரக்கப் படிக்க ஆரம்பித்து, போகப் போகக் குரல் இறங்கி, கடைசியில் மனசுக்குள் படித்தாள்.

"எங்களுக்கு நெஜமாவே தெரியாதுக்கா" என்றாள் என்னிடம். "வெளியில நாங்க யாரோடயும் ஆடினதே இல்ல. கழுதைன்னாலே இப்படித்தான்னு நெனச்சோம்."

பொய் சொல்கிற முகம் எனக்குத் தெரியும். அது பொய் சொல்கிற முகமில்லை.

"அப்போ யாருப்பா இந்த ரூலைப் போட்டது?" என்று கேட்டாள் சின்னவள்.

வீட்டுக்காரர் மட்டும் சிரித்தார். "உங்க அம்மாதான். வேற யாரு?"

அக்கா நிமிர்ந்தாள். "நானா?"

"நீதான். இவளுக்கு நாலு வயசு அப்போ. கை இத்தனூண்டு. பத்து சீட்டைப் பிடிக்கவே தெரியாது, வெட்டு விழுந்து இன்னும் அஞ்சு சேந்தா எல்லாத்தையும் கீழ கொட்டிட்டு அழுவா. நீதான் ஒருநாள் அவ சீட்டை வாரி எடுத்துக்கிட்டு, 'வெட்டு விழுந்தா அம்மாதான் எடுக்கணும், அதுதான் ரூல்'னு சொன்னே. ஒடனே இவன் எனக்கு மட்டும் ஏன் இல்லன்னு குதிச்சான். சரி, உனக்கும்தான்னே. பெரியவ மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டா. அவளுக்கும் குடுத்தே. மறந்துட்டியா?"

அக்கா மறந்துதான் போயிருந்தாள். அப்புறம், "ஆமா, பச்சை கவுன் போட்டிருந்தா" என்றாள்.

என் கோபம் போய் உட்கார இடமில்லாமல் நின்றது. யார் மேல் போடுவது? ஏமாற்றினவர் ஒருவரும் இல்லை. ரூலைப் போட்டவள் மறந்துவிட்டாள், போட்டதைப் பார்த்தவர் பதினைந்து வருடம் பேசாமல் இருந்துவிட்டார், கெட்ட எண்ணத்தில் அல்ல, கேட்க யாருக்கும் தோன்றவில்லை என்பதால். சின்னவள் தன் உள்ளங்கையை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது அது அம்மாவின் கையைவிடப் பெரியது.

"மொதல்லேர்ந்து போடுங்க" என்றாள் அவள். "ஒழுங்கா ஆடலாம்."

ஒழுங்காக ஆடினார்கள். வெட்டு விழும்போதெல்லாம் அக்காவின் கை தானாக நீண்டது. நான் பின்னாலிருந்து தொண்டையைச் செருமினேன். கை திரும்பி வந்தது. அவளுக்கு இரண்டே வெட்டுதான் விழுந்தது. எல்லோருக்கும் முன்னால் அவள் கை காலியானது.

"அம்மா தப்பிச்சாச்சு!" என்றான் பையன். அவன் குரலில் இருந்தது சந்தோஷமா பயமா என்று எனக்குத் தெரியவில்லை.

காலிக் கையை என்ன செய்வது என்று அக்காவுக்குத் தெரியவில்லை. மடியில் வைத்தாள், எடுத்தாள், புடவையைச் சரி செய்தாள். தப்பித்தவர் சும்மா உட்கார்ந்து மற்றவர்கள் ஆடுவதை வேடிக்கை பார்க்கலாம் என்பது அவளுக்குப் புதிது. இரண்டு சுற்று பார்த்தாள். மூன்றாவது சுற்றில் சுவரோரம் நகர்ந்தாள், தலை சுவரில் சாய்ந்துவிட்டது.

அதற்குப் பிறகு பெரியவள் தப்பித்தாள், சின்னவள் தப்பித்தாள். கடைசியில் வீட்டுக்காரரும் பையனும். வீட்டுக்காரர் இஸ்பேடுக்குப் பதில் கிளாவரையும் கிளாவருக்குப் பதில் இஸ்பேடையும் இறக்கி, பையன் வெட்ட வெட்டத் திரும்பத் திரும்ப எடுத்துக்கொண்டிருந்தார். "ரெண்டும் கறுப்பா ஒரே மாதிரி தெரியுதுடா" என்று கண்ணைக் கசக்கினார். பையன் கடைசிச் சீட்டை இறக்கிவிட்டுக் கையை விரித்தான். ஆபரேஷன் செய்துகொள்ளப் போகிறவரே கழுதை.

முதலில் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்புறம் பெரியவள், "அது சரி, அப்போ யாரு இருக்குறது?" என்று கேட்டாள்.

அப்போது மூன்று பேரும் ஒரே நேரத்தில் சுவர்ப் பக்கம் திரும்பி, தூங்குகிற அக்காவைப் பார்த்தார்கள். யாரும் சொல்லித் திரும்பவில்லை. வீட்டுக்காரரும், அந்தப் புரைக் கண்ணோடு, அந்தப் பக்கம்தான் பார்த்தார்.

பையன் வாயைத் திறந்தான். சின்னவள் அவன் தொடையில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். "எழுப்பின, கொன்னுடுவேன்" என்று கிசுகிசுத்துவிட்டுச் சீட்டை எடுத்து மூன்று பேருக்குக் கலைத்துப் போட ஆரம்பித்தாள். சத்தம் வராமல் ஒவ்வொரு சீட்டாக வைத்தாள். நான் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

திங்கட்கிழமை அக்கா சொன்னாள், பெரியவள்தான் தோற்றாளாம். லீவு சொல்லிவிட்டாளாம். முகம் மட்டும் படுக்கப் போகும் வரை உப்பியிருந்ததாம்.

"பாவம்டி அவ. கடையில லீவு குடுக்க மூக்கால அழுவாங்க. நான் வேணா அஞ்சு நாள்ல திரும்பி வந்து..."

"அக்கா" என்றேன். விரிப்பை இழுத்துப் பிடித்தேன். அவள் வாக்கியத்தை முடிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை கண் ஆஸ்பத்திரிக்கு வீட்டுக்காரரோடு போய், கூட இருந்து, வீட்டில் கொண்டுவந்து விட்டாள். புதன்கிழமை காலையில் பஸ் ஏறினாள். நான் ஏதோ பெரிய போரில் ஜெயித்த மாதிரி அன்று வேலைக்குப் போனேன். ஊசியம்மாவிடமும் இஸ்திரி அண்ணனிடமும் அந்த வீட்டுக் கதையை இரண்டு முறை சொன்னேன். ஒருத்தி முதுகில் நாலு பேர் ஏறி உட்கார்ந்து பதினைந்து வருடம் சவாரி செய்திருக்கிறார்கள், உட்கார்ந்திருப்பதே தெரியாமல், என்று.

அக்கா இடத்துக்குத் துவைக்கும் பிரிவிலிருந்து ஒருத்தியை அனுப்பியிருந்தார்கள். கறார் என்று பட்டப்பெயர். சிரித்துப் பேச மாட்டாள். வண்டி வந்தது. ஒரு விரிப்பை எடுத்து உதறி வீசினாள், மடித்தோம், நான் அடுக்கினேன். திரும்பினால் அவள் இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டிருந்தாள்.

"என்ன?" என்றேன்.

"உன் முறை. எடு."

"நான் எடுக்குறதில்ல. எதிர்ல நிக்கிறவங்க எடுப்பாங்க, நான் அடுக்குவேன்."

"யாரு சொன்னது? ஒருத்தரே எடுத்தா இடுப்பு என்னத்துக்காகும்? எங்கயும் மாத்தி மாத்திதான் எடுப்பாங்க."

"இங்க எப்பவும் இப்படித்தான்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது.

வண்டி என் நெஞ்சு உயரம். மேலே இருப்பதை எடுப்பது சுலபம். பாதிக்குக் கீழே போய்விட்டால் விளிம்பில் வயிறு அழுந்தக் கவிழ்ந்து, தலை உள்ளே போய், அடைந்த சூட்டில் மூச்சைப் பிடித்துக்கொண்டு, பின்னிக் கிடக்கும் விரிப்பில் முனையைத் தேடி உருவ வேண்டும். மூன்றாவது வண்டியில் எனக்குக் கண் இருட்டியது. இத்தனைக்கும் பாதிதான் என் பங்கு.

அடுக்கிக்கொண்டே யோசித்தேன். எப்போது ஆரம்பித்தது இது? நான் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் மாதம் வயிற்றில் பிள்ளை. 'நீ குனியாதே, நான் எடுத்துத் தர்றேன், நீ அடுக்கினா போதும்' என்று அக்கா சொன்னாள். பிள்ளை பிறந்தது. நான் திரும்ப வந்தேன். அவள் எடுத்துக்கொண்டிருந்தாள், நான் அடுக்கிக்கொண்டிருந்தேன். அந்தப் பிள்ளை இப்போது மூன்றாம் வகுப்புப் படிக்கிறான். அன்று சாயங்காலம் பஸ்ஸில் எனக்கு உட்கார இடம் கிடைத்தும், வெட்கத்தில் நின்றுகொண்டே வந்தேன். ஒருவரிடமும் சொல்லவில்லை. ஊசியம்மாவிடம்கூடச் சொல்லவில்லை.

அக்கா பதினோராம் நாள் வந்தாள். கன்னத்தில் கொஞ்சம் சதை போட்டிருந்தது. வழக்கம்போல வண்டிப் பக்கம் வந்தாள். அங்கே நான் நின்றுகொண்டிருந்தேன்.

"தள்ளுடி."

"இனிமே மாத்தி மாத்தி எடுக்கலாம்கா."

"இது என்ன புது ரூல்?"

"பழைய ரூல்தான். எனக்குத்தான் தெரியல" என்றேன். மேற்கொண்டு என்னென்னவோ சொல்ல நினைத்திருந்தேன். அக்கா கையை நீட்டிக்கொண்டு காத்திருந்தாள், முனைகளை வீசினேன்.

மத்தியானத்துக்குள் எனக்கு முதுகு கழன்றுவிடும்போல் ஆகிவிட்டது. நாலாவது வண்டியின் அடியில் பத்து விரிப்பு இருக்கும். என் முறை. விளிம்பைப் பிடித்தபடி ஒரு நிமிடம் நின்றேன்.

"இடுப்பு பிடிச்சுக்கிச்சா?" என்று அக்கா கிட்டே வந்தாள். "நகரு, நான் எடுக்குறேன்."

நான் நகரவில்லை. ஆனால் என் கால் நகரப் பார்த்தது. அதைச் சொல்லாமல் மறைத்துவிட்டு, அந்த வீட்டுப் பிள்ளைகளைப் பற்றி இவ்வளவு நேரம் பேச எனக்கு வாயில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு வண்டிக்குள் கவிழ்ந்தேன்.